பிடிபடுதல்

ஆய்வேட்டின் மூன்றாம் இயல் ஏன் இன்னும் முடியவில்லை என்று நெறியாளர் முதல் விடுதி நண்பர்கள் வரை பலரும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் அரை உண்மைகள். முழுக் காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். சற்று நீளும். மொழியியல் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

என் ஆய்வு, தமிழிலும் ஆங்கிலத்திலும் புரிதலைக் குறிக்கும் வினைகளைப் பற்றியது. மூன்றாம் இயல் 'கிராஸ்ப்' என்னும் ஓர் ஆங்கில வினையில் தொடங்குகிறது. கையால் இறுகப் பற்றுவதும் அதுதான். ஒரு கருத்தை மனத்தால் எட்டிப் பிடிப்பதும் அதுதான். சென்ற ஆண்டு செப்டம்பரில், ஹைதராபாத்தில் என் விடுதி அறையில் இருந்து அந்த இயலின் முதற்பக்கங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. இராஜபாளையத்தில், தன் தையற்கடையில், துணி வெட்டிக்கொண்டிருந்த அப்பா மேசைமீதே சரிந்துவிட்டார். மூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்தது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சும் போயிற்று.

மறுநாள் மாலை மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. அதில் ஆங்கிலத்தில் இருந்த இரண்டு வரிகள் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. ஒன்று, 'வலக்கை: கிராஸ்ப் இல்லை.' சற்றுக் கீழே மற்றொன்று, 'காம்ப்ரிஹென்ஷன்: குறைவு.' சொற்பிறப்பின்படி இரண்டும் ஏறக்குறைய ஒரே வரி. கை பற்றவில்லை, மனமும் பற்றவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு இதுதான் தோன்றியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆய்வு மாணவனின் மூளை அப்படிப் பழகியிருக்கிறது.

அந்தச் சொற்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன். 'காம்ப்ரிஹெண்ட்' என்பதில் உள்ள இலத்தீன் வினை 'பிரெஹெண்டெரெ'. பற்றுதல், கைப்பற்றுதல் என்பது அதன் பொருள். அதன் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எங்கெங்கோ வாழ்கிறார்கள். சிறையைக் குறிக்கும் 'பிரிசன்' அந்தக் குடும்பம். பிடித்து அடைத்து வைக்குமிடம். தொழில் பழகும் 'அப்ரெண்டிஸ்' அந்தக் குடும்பம். தொழிலைப் பற்றிக்கொள்ள வந்தவன். எதிர்பாராமல் வந்து பிடிக்கும் 'சர்ப்ரைஸ்' கூட அதுதான். இவர்களுள் எனக்கு மிகவும் வேண்டியது 'அப்ரிஹெண்ட்'. அந்த ஒரே வினைக்கு மூன்று பொருள்கள்: புரிந்துகொள்ளுதல், கைது செய்தல், வரப்போவதை எண்ணி அஞ்சுதல். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றவனுக்கு மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்தின. ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்தில் டாக்பெரி என்றொரு காவலர் வருகிறார். கைது செய்ய வேண்டிய இடத்திலெல்லாம் 'அப்ரிஹெண்ட்' என்பதற்குப் பதிலாக 'காம்ப்ரிஹெண்ட்' என்று சொல்லி அரங்கைச் சிரிக்க வைப்பவர். நானூறு ஆண்டுகளாக அதை அவரது அறியாமை என்று உரையாசிரியர்கள் விளக்கி வருகிறார்கள். வேரை வைத்துப் பார்த்தால் அவர் அவ்வளவு தூரம் தவறிவிடவில்லை.

'கிராஸ்ப்' இலத்தீனிலிருந்து வந்ததன்று. ஆங்கிலத்தின் சொந்த மண்ணில் விளைந்தது. இருட்டில் தடவித் தேடுவதைக் குறிக்கும் 'குரோப்' என்ற சொல்லின் உறவு என்று அகராதிகள் கருதுகின்றன. முதலில் அதற்குக் கை நீட்டித் துழாவுதல், எட்டிப் பிடிக்க முயலுதல் என்றே பொருள். உறுதியான பிடி பின்னால் வந்தது. மனத்தால் பிடிக்கும் பொருள் அதற்கும் பின்னால், 17ஆம் நூற்றாண்டில். நாம் இன்று 'நல்ல கிராஸ்ப் உள்ளவர்' என்று ஒருவரைப் பாராட்டும்போது, அந்தச் சொல்லுக்குள் ஒருவர் இருட்டறையில் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

இதன் ஒருபொருட் பன்மொழிகளில் பாதிக்கும் மேல் கையின் வேலைதான். 'கெட்' என்றால் பெறுதல். 'கேட்ச்' என்றால் பிடித்தல். 'பெர்சீவ்', 'கன்சீவ்' இரண்டிலும் எடுத்தலைக் குறிக்கும் 'காபெரெ' என்ற இலத்தீன் வினை உறைகிறது. 'ஃபேதம்' என்றால் இன்று ஆழம் அறிதல். முதலில் இரு கைகளையும் விரித்து அணைத்தல். அந்த விரிப்பே ஆறடி அளவாகி, கடலாழம் அளக்கப் பயன்பட்டது. நம் கடற்கரை மீனவர்கள் அதே விரிப்பைப் 'பாகம்' என்கிறார்கள். மறத்தலைக் குறிக்கும் 'ஃபர்கெட்' என்பதும் பிடி நழுவுதல்தான். 1852இல் வெளிவந்த புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தைத் தொகுத்த பீட்டர் மார்க் ரோஜே ஒரு மருத்துவர் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. காரணம் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே மருத்துவமனையைச் சுற்றித்தான் வந்தன.

சரி, அட்டைக்குத் திரும்புகிறேன். 'புரிதல் குறைவு' என்று எப்படி முடிவு செய்தார்கள்? இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் அப்பாவிடம் சில கட்டளைகள் சொல்லியிருக்கிறார். நாக்கை நீட்டுங்க. இடது கையைத் தூக்குங்க. இந்தப் பேனாவைப் பிடிங்க. அப்பா எதையும் செய்யவில்லை. செய்யாதவருக்குப் புரியவில்லை என்று அட்டை சொல்லியது. அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபம் இல்லை; அந்தக் கூடம் முழுவதையும் அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மூன்று நாள் அந்த வரியை நாங்கள் நம்பினோம். அம்மா அப்பாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். அவருக்கு முன்னாலேயே உறவினர்கள் மருத்துவச் செலவைப் பற்றியும் கடையை விற்பதைப் பற்றியும் பேசினார்கள். நானும் பேசினேன்.

நான்காம் நாள் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பெண்மணி வந்தார். கட்டளை எதுவும் இடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடையைப் பற்றிக் கேட்டார். திடீரென்று, "இஸ்திரிப் பெட்டியால துணி வெட்டுவீங்களாய்யா?" என்றார். அப்பாவின் வாயின் இடப்பாதி மெல்ல விரிந்தது. மூன்று நாட்களுக்குப் பின் அவர் சிரித்தார். பயிற்சியாளர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. பார்த்துப் பேசுங்க."

அப்பாவுக்கு இருந்தது புரியாமை அன்று. புரிந்த கட்டளையை உறுப்புக்குக் கொண்டுசேர்க்க முடியாமை. ஜெர்மானிய மருத்துவர் ஹூகோ லீப்மன் 1900இல் இத்தகைய ஒரு நோயாளியை விரிவாக விவரித்தார். அப்ராக்சியா என்பார்கள். 'நாக்கை நீட்டு' என்றால் நீட்ட முடியாது. உதட்டில் ஒட்டிய சோற்றுப் பருக்கையை அதே நாக்கு தானாகத் துடைத்துவிடும். பேச்சிழப்பைப் பற்றி முதுகலையில் ஒரு தாளே படித்தவன் நான். 1861இல் பால் புரோக்கா விவரித்த, 'டான்' என்ற ஓரசையை மட்டுமே சொல்ல முடிந்த நோயாளியைப் பற்றித் தேர்வில் எழுதியிருக்கிறேன். அவருக்குப் பிறர் சொல்வது பெரும்பாலும் புரிந்தது என்பதும் அந்த விடையில் இருந்தது. அப்பாவின் ஓரசை 'அது'. எதைக் கேட்டாலும் 'அது, அது.' படித்தது எதுவும் அந்த மூன்று நாட்களில் எனக்குக் கைகொடுக்கவில்லை. அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நம்பினேன்.

இனி, சொல்லத் தயங்குகிற பகுதி.

நவம்பரில் அப்பா வீட்டில் இருந்தார். இடக்கையால் படங்களைச் சுட்டிக்காட்டப் பழகியிருந்தார். என் குறிப்பேட்டில் அப்போது வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. 1976இல் அல்ஃபோன்சோ காரமாட்சாவும் எட்கர் ஜூரிஃப்பும் வெளியிட்ட ஓர் ஆய்வு, புரோக்கா வகைப் பேச்சிழப்பு உள்ளவர்களுக்குச் சில வாக்கியங்களில் மட்டும் புரிதல் தடுமாறுவதைக் காட்டியது. யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதைச் சொற்பொருளைக் கொண்டு ஊகிக்க முடியாமல், இலக்கணத்தைக் கொண்டே அறிய வேண்டிய வாக்கியங்கள் அவை. தமிழில் இதற்கு அருமையான இணை உண்டு. 'நாய் துரத்திய பூனை', 'நாயைத் துரத்திய பூனை.' நடுவில் உள்ள வேறுபாடு ஓர் ஐகார உருபு மட்டுமே. இரண்டு படங்கள் வரைந்தேன். ஒன்றில் நாய் துரத்துகிறது, மற்றொன்றில் பூனை. அப்பாவின் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு தொடராகச் சொல்லி, சுட்டச் சொன்னேன்.

ஆறு முறை கேட்டேன். நான்கு தவறு. ஒவ்வொரு தவறையும் குறித்துக்கொண்டேன். கை நடுங்கவில்லை என்பது மட்டுமன்று. உள்ளூர மகிழ்ச்சியும் இருந்தது. தமிழில் இந்த உருபை இப்படிச் சோதித்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. ஏழாவது தொடரை நான் சொல்லத் தொடங்கியபோது அப்பா இடக்கையை நீட்டி என் குறிப்பேட்டை மூடினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டளையிட்டால் தடுமாறுகிற அந்தக் கை, தனக்கு வேண்டியபோது கொஞ்சமும் பிழையில்லாமல் வேலை செய்தது.

எங்கள் துறையில் களப்பணிக்குப் போனால் தகவலாளியிடம் ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதையெல்லாம் அவர் மொழியில் விளக்க வேண்டும். அயலார் நாற்பது பேரிடம் பணிவோடு கையொப்பம் வாங்கியிருக்கிறேன். என் வீட்டுக் கட்டிலில் கிடந்தவரிடம் கேட்கத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் 'டேட்டா' என்றால் கொடுக்கப்பட்டவை. நாம் ஆக்கிக்கொண்ட 'தரவு' என்ற சொல்லும் தருதலிலிருந்து வந்ததே. அன்று அப்பா எனக்கு எதையும் தரவில்லை. நான்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். 'அப்ரிஹெண்ட்' என்ற சொல்லுக்கு இரண்டாவதாக எழுதியிருந்த பொருள், இயலின் அடிக்குறிப்பிலிருந்து எழுந்து வந்து என்னருகில் நின்றது.

ஹைதராபாத் திரும்பிய பின் இயலின் வாதத்தை மீண்டும் படித்தேன். அதுவரை அது என்ன சொல்லிக்கொண்டிருந்தது? சுருக்கமாக இது: ஆங்கிலத்தில் புரிதல் ஒரு செயல், 'நான்' எழுவாயாக நின்று பொருளைப் பற்றுகிறேன். தமிழில் அது எனக்கு நேர்வது. 'எனக்குப் புரிந்தது.' நான் இங்கே நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். புரிதல் தானாக வந்து சேர்கிறது. இதைத் தமிழுக்கு மட்டும் உரியதாகச் சொல்லவும் முடியாது. விடுதி உணவுக்கூடத்தில் தெலுங்கு நண்பர் 'நாக்கு அர்த்தமைந்தி' என்பார், எனக்குப் பொருள் ஆயிற்று. மலையாளத் தோழி 'எனிக்கு மனஸ்ஸிலாயி' என்பார், மனத்துள் ஆயிற்று. இந்திக்காரர் 'சமஜ் மே ஆயா' என்பார், புரிதலுக்குள் வந்தது. ஒரே மேசையில் நான்கு மொழிகளிலும் யாரும் எதையும் பிடிப்பதில்லை. விளங்குதல் என்றால் ஒளிர்தல், தெரிதல் என்றால் கண்ணுக்குப் புலப்படுதல், தெளிதல் என்றால் கலங்கிய நீர் அடங்குதல். இவற்றில் எங்கே கை இருக்கிறது?

அழகான வாதம். 'ஆங்கிலம் பறிக்கும் மொழி, தமிழ் பெற்றுக்கொள்ளும் மொழி' என்று ஒரு வரி கூட எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை இங்கே பதிவிட்டிருந்தால் ஆயிரம் விருப்பக்குறிகள் விழுந்திருக்கும். ஆனால் அது பொய்.

முதலில், அப்பாவைச் சோதித்தது தமிழில். மருத்துவர் கட்டளையிட்டதும் தமிழில், நான் குறுக்கு விசாரணை செய்ததும் தமிழில். எங்கள் மொழியின் நான்காம் வேற்றுமை அவரை எங்களிடமிருந்து காப்பாற்றவில்லை.

அடுத்து, தமிழுக்குள்ளேயே கை நன்றாகப் புகுந்திருக்கிறது. செய்யுளுக்குப் பொருள் காணும் முறைக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் 'பொருள்கோள்'. பொருளைக் கொள்ளுதல், எடுத்தல். தொல்காப்பியம் நான்கு சொல்கிறது, நன்னூல் எட்டாக்குகிறது. வானத்தில் சுற்றும் கோளும் அதே சொல் வடிவம். வடமொழிக் 'கிரகம்' பற்றுதலைக் குறிக்கும் 'கிரஹ்' என்ற வேரிலிருந்து வருகிறது. பாடத்தைக் கிரகிக்கிறோம், சூரியனைக் கிரகணம் பிடிக்கிறது. மூன்றும் ஒரே வேர். ஒருவர் சொன்னது விளங்காவிட்டால் 'பிடிபடவில்லை' என்கிறோம்; திருடன் அகப்பட்டாலும் 'பிடிபட்டான்' என்கிறோம். டாக்பெரி தமிழ்க் காவலராக இருந்திருந்தால் அவரை யாரும் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றியது வேறொன்று. நாங்கள் பயிலும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பெரும்பாலும் தன்மை ஒருமையில் இருப்பதால் கண்ணில் படாமல் போனது. 'புரி' என்று யாருக்கும் கட்டளையிட முடியாது. சொல்லிப் பாருங்கள்: அது 'செய்' என்றாகிவிடும், தவம் புரி என்பதுபோல. 'விளங்கு' என்றால் வாழ்த்து. புரியும்படி ஒருவருக்கு ஆணையிட வேண்டுமானால் 'கொள்' வந்தாக வேண்டும். புரிந்துகொள், தெரிந்துகொள், விளங்கிக்கொள். கொள் வந்தவுடன் 'எனக்கு' என்பது 'நான்' ஆகிவிடுகிறது. எனக்குப் புரிந்தது, நான் புரிந்துகொண்டேன். எதிர்மறையில் இது இன்னும் கூர்மை பெறும். 'அவருக்குப் புரியவில்லை' என்றால் குறை எங்கே என்று சொல்ல முடியாது. சொன்ன சொல்லில் இருக்கலாம், சொன்னவரிடம் இருக்கலாம், அந்த வேளையில் இருக்கலாம். 'அவர் புரிந்துகொள்ளவில்லை' என்றால் குறை அவருடையது. வீட்டுச் சண்டைகளில் நாம் எதைச் சொல்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆக, வேறுபாடு ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில் இல்லை. புரிதலை ஒருவரிடமிருந்து கேட்டு வாங்க நினைக்கும்போது, அதைச் சோதிக்க, அளக்க, அட்டையில் எழுத நினைக்கும்போது, எந்த மொழியும் கையைக் கூப்பிடும் என்றே நினைக்கிறேன். இதை நிறுவ இன்னும் தரவு வேண்டும். அதனால்தான் இயல் முடியவில்லை. அப்பாவின் ஆறு விடைகள் அதில் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நெறியாளரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேற ஆளுங்க கிடைப்பாங்க, முறைப்படி போங்க" என்றார். மருத்துவமனை ஒன்றின் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் பிடிக்கும்.

'பிடி' என்ற சொல்லை நான் முதலில் கற்றது கடையில்தான். பள்ளி விட்டு வந்து காஜா எடுக்கும் மேசைக்கடியில் உட்கார்ந்திருப்பேன். சட்டையைப் போட்டுப் பார்ப்பவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். 'பிடிச்சிருக்கு' என்றால் அப்பாவின் முகம் மலரும். 'பிடிக்குது' என்றால் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு எழுவார். ஒன்றுக்கு மனம் இடம், மற்றதற்குக் கக்கம். அப்பா காதால் கேட்டு இரண்டையும் பிரித்ததில்லை. ஆள் தோளைத் தூக்கி நிற்கும் நிலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஹைதராபாத்தில் வாங்கிய ஆயத்தச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தேன். அப்பா வாசல் நாற்காலியில் இருந்தார். பயிற்சியால் 'அது'வோடு இன்னும் சில சொற்கள் சேர்ந்திருக்கின்றன. நாளைக்கு நாள் மாறும். குனிந்து பையைக் கீழே வைத்தேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கையை நீட்டி, என் வலது கக்கத்துத் தையலை இரண்டு விரலால் தொட்டார். உதடு இரண்டு மூன்று முறை முயன்றது. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"பிடிக்குது," என்றார்.

உண்மைதான். இரயிலில் இரவு முழுக்க அந்த இடம் உறுத்திக்கொண்டே வந்தது. சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அம்மா தையலைப் பிரித்தார். எவ்வளவு விட வேண்டும் என்று அப்பா விரலால் காட்டினார்.